ஸபர் பிறை

நோன்புப் பிறைக்கும் பெருநாள் பிறைக்கும் ஊரே வானத்தைப் பார்க்கும். ஸபர் மாதப் பிறையை யார் தேடுவார்? அந்த வருடம் நான் ஒருத்திதான் குளக்கட்டில் நின்று தேடினேன். அதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்று.

போர் முடிந்து, புத்தளத்து அகதி முகாமிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்த புதிது. எங்கள் காணி காடாகிக் கிடந்தது. எல்லைக் கல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் வந்துசேர்ந்த பெரியவாப்பா, கிணறு தன் பக்கம் விழும்படி முட்கம்பி அடித்துவிட்டார். முகாமில் ஒரே தட்டில் சாப்பிட்ட அண்ணன் தம்பி. பேச்சு முற்றி, ஒருநாள் வாப்பா வேலியோரம் நின்று கத்தினார்.

"இது முஹர்ரம். சண்டை ஹராமான மாசம் எண்டதால பொறுத்திருக்கன். மாசம் முடியட்டும், வேலியையும் வெட்டுவன், உங்களையும் வெட்டுவன்!"

வேறு பிள்ளை என்றால் கோபப் பேச்சு என்று விட்டிருக்கும். நான் ஓதுகிற பள்ளியில் கெட்டிக்காரி. போர் விலக்கப்பட்ட மாதங்கள் நான்கு, அவற்றில் மூன்று அடுத்தடுத்து வந்து முஹர்ரத்தோடு முடியும் என்று மௌலவியிடம் பிசகாமல் ஒப்புவித்தவள். அப்படியென்றால் அடுத்த மாதமான ஸபர் பிறந்ததும் வெட்டலாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரையே ஏசுகிற பெரியவாப்பா, எனக்கு மட்டும் விளாம்பழம் பொறுக்கிவந்து தருவார்.

இருபத்தொன்பதாம் நாள் மேற்கே மேகம் மூடியிருந்தது. பிறை தெரியாததால் மாதத்துக்கு இன்னும் ஒரு நாள் கிடைத்தது. ஓடிவந்து உம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாளோடு முப்பது நிறைந்துவிட்டது; அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு எந்த மேகமும் உதவாது. வாப்பா கூரை இடுக்கிலிருந்து காட்டுக்கத்தியை உருவினார். அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி நான் வேலிவரை இழுபட்டுப் போனேன். பயத்தில் அழுகைகூட வரவில்லை. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த பெரியவாப்பா நிமிர்ந்து பார்த்தார். நகரவில்லை.

வாப்பா மேற்கே வானத்தைப் பார்த்தார்.

"ஸபர் பீடை மாசம். இதில ஒண்டும் தொடங்கப்படாது. அடுத்த மாசம் வரட்டும்."

"ஓம், வரட்டும்" என்றார் பெரியவாப்பா.

ஸபரைப் பீடை என்று உம்மா சொன்னால், மூடநம்பிக்கை என்று ஏசுகிறவர் வாப்பா. அடுத்த மாதம் நபி பிறந்த மாதமாகிவிட்டது. அதற்கடுத்த மாதத்துக்கும் ஏதோ ஒரு காரணம் அகப்பட்டது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நான் பயந்துகொண்டே குளக்கட்டுக்குப் போனேன். பிறைக்குப் பயப்படுகிற ஆள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.