பதினோராவது ஆளுக்கு ஓர் எச்சரிக்கை

கூடைப்பந்து நடுவர்களில் இரண்டு ரகம் உண்டு. தும்மினாலும் ஊதுகிறவர்கள் ஒரு ரகம். நம்மவர் இன்னொன்று. ஆட்டம் நின்றிருக்கும் 'டெட் பால்' நேரத்தில் எவனாவது ஜெர்சியைத் தொங்கவிட்டுத் திரிந்தாலோ, பந்தைக் காலால் தள்ளிவிட்டாலோ, பக்கத்தில் போய்க் காதோடு காதாகச் சொல்வார். முதல் தடவை வார்த்தை, இரண்டாம் தடவைதான் விசில். இருபத்திரண்டு வருஷமாக இப்படி. ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் வாய்தா.

"ஊருக்கெல்லாம் வாய்தா. வீட்டுல குழாய மூட மறந்தா மட்டும் அப்பவே தண்டனை," என்பார் மனைவி. நியாயமான முறையீடு, தள்ளுபடி ஆயிற்று.

அந்த மதியம் அவருடைய உரிமத்துக்குச் சோதனை. புதுப்பிக்கலாமா என்று எழுத ஒரு மேற்பார்வையாளர் முதல் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். விசில் போய்விட்டால் வாய்தாவுக்கு மிச்சம் மூட்டுவலி மட்டும்.

இரண்டாம் பாதியில் ஒரு ஃப்ரீ த்ரோ; ஒருவர் மட்டும் தடையில்லாமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. வழக்கம்போல் ஆட்டக்காரர்களை எண்ணினார்; அணிக்கு ஐந்தாகப் பத்து வரவேண்டும். பதினொன்று. மறுபடியும் பதினொன்று.

கூடுதலாக நின்றவர் நெட்டையானவர். பதின்மூன்றாம் எண். இரண்டு அணியின் நிறமும் இல்லை. கூடத்து விளக்குகளில் எல்லாருக்கும் நாலு பக்கமும் நிழல் விழுந்தது. அவருக்கு ஒரு பக்கமும் இல்லை. ஜெர்சி வெளியே தொங்கியது.

"உள்ள விடுங்க," என்றார் வாய்தா, பழக்கதோஷத்தில். அவரும் பணிவாக உள்ளே விட்டுக்கொண்டார்.

துணை நடுவர் ஓடிவந்தார். "அண்ணே, யார்கிட்ட பேசுறீங்க? நோட்டுக்காரரு எழுதிக்கிட்டே இருக்காரு!"

"எத்தன பேரு நிக்கிறாங்க?"

"பத்து பேருதாண்ணே. பந்தக் குடுங்க."

இங்கேதான் சட்டச் சிக்கல். பந்து நடுவர் கையில் இருக்கும்வரை கூடுதல் ஆளைச் சொல்லி அனுப்பிவிடலாம். எறிபவர் கைக்குப் போய்விட்டால் அது தண்டனைக்குரிய குற்றம். ஊதினால் பைத்தியம், ஊதாவிட்டால் கடமை தவறியவர். வாய்தா பந்தை அணைத்துக்கொண்டு நின்றார். அது அவர் கைக்குள்ளேயே குளிர்ந்துகொண்டு வந்தது.

பதின்மூன்றை நெருங்கினார். "இது முதல் எச்சரிக்கை. வெளிய போய் உக்காருங்க."

வாய் அசையவில்லை, குரல் மட்டும் காதருகே வந்தது. "நான் நிக்கிறேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல சார். எங்க உக்கார?"

"காலியா இருக்கிற எடத்துல."

அவர் நடந்துபோய் மேற்பார்வையாளருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். மேற்பார்வையாளர் திடீரென்று குளிரெடுத்துச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வாய்தா பந்தைக் கொடுத்தார்; ஆட்டம் ஓடியது.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. 'சிறு பிழைகளைப் பேசியே தீர்க்கிறார். உரிமம் புதுப்பிக்கப்படுகிறது.' அதற்குக் கீழே, கையால் எழுதிய இன்னொரு வரி: 'பக்கத்தில் உட்கார்ந்தவர் என் வீடுவரை வந்துவிட்டார். எழுந்திருக்க மறுக்கிறார். நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லவும்.'

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் மனைவி.

வாய்தா விசிலைத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வார்த்தைதான் ஏற்கெனவே சொல்லியாயிற்றே.