தள்ளினால் ஓடும் கார்

என் முதல் கார் ஒரு சண்டிமாடு. மூன்று கை மாறி என்னிடம் வந்த வெள்ளை டீசல் கார். சாவியைத் திருகினால் ஒரு கனைப்பு, அவ்வளவுதான். செந்துறைப் பக்கம் எங்கள் தெருவில் தினமும் காலையில் நாலு பேர் பின்னால் நின்று தள்ளுவார்கள். இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் குலுங்கி, புகை கக்கிக் கிளம்பும். நாலு பேரில் முதல் ஆள் என் சிநேகிதன், பக்கத்து வீட்டுக்காரன்.

"டீசல் ஊத்தாத மாப்ள, எனக்கு டீ வாங்கிக் குடு. நான்தான்டா உன் எஞ்சின்" என்பான். எத்தனை திட்டினாலும் அந்தக் கார் மேல் எனக்கு உயிர்.

ஒரு மத்தியானம் அரியலூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். பழைய சுண்ணாம்புக்கல் பள்ளத்துப் பக்கம் கூட்டம், பாதிப் பேர் எங்கள் தெரு ஆட்கள். சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப்போன லாரி என் சிநேகிதனின் மச்சானை பைக்கோடு அடித்திருந்தது. கால் முறிந்த அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். லாரி டிரைவரை ரோட்டில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். முகம் என்று ஒன்று இல்லை, ரத்தம்தான். ஜாக்கி ராடு என் சிநேகிதன் கையில்.

அவசரத்தில் காரின் மூக்கு பள்ளத்தைப் பார்க்க ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். புத்தி எங்கே போனதோ!

"டேய், செத்துருவான்டா!"

"சாவட்டும்!"

டிரைவர் மேல் விழுந்து மறைத்தேன். என் முதுகிலும் ரெண்டு விழுந்தது. எப்படி இழுத்துப் பின்சீட்டில் போட்டேனோ தெரியாது. உட்கார்ந்து சாவியைத் திருகினேன். கனைப்பு.

அப்புறம் காருக்கு அடி. கூரை நசுங்கியது. பின்கண்ணாடி நொறுங்கி டிரைவர் மேல் கொட்டியது. "அண்ணே, கதவத் தொறந்துறாதீங்கண்ணே" என்று அவன் அழுதான்.

"ரெண்டு பேரையும் வண்டியோட பள்ளத்துல தள்ளுங்கடா!" என் சிநேகிதனின் குரல்.

பள்ளத்தில் மழைத் தண்ணீர், பனைமர ஆழம். இருபது பேர் பின்னால் கை வைத்தார்கள். கார் சரிவில் உருண்டது. பாவிகள், தினமும் தள்ளுகிறவர்களுக்கே ஆத்திரத்தில் எல்லாம் மறந்துவிட்டது. நான் இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல். எஞ்சின் பிடித்துக்கொண்டது! ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ரோட்டில் ஏறி, அரியலூர் ஆஸ்பத்திரியில்தான் நிறுத்தினேன்.

மறுநாள் காலை வாசலில் வழக்கம்போல வண்டி கிளம்பவில்லை. தெருவில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய கஞ்சித் தூக்கைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் என் சிநேகிதன் வந்து நின்றான்.

"ஆளு பொழச்சுட்டானா?"

"ஒரு கண்ணு போச்சு. உசுரு இருக்கு."

பின்சீட்டில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தான். நசுங்கிய டிக்கி மேல் கை வைத்தான்.

"கைய எடுடா!" என்று கத்தினேன்.

எடுக்கவில்லை. "கியரப் போடு மாப்ள" என்றான், அழுதுகொண்டே.

நாலு பேர் தள்ளுகிற வண்டியைத் தெருமுனை வரை ஒருத்தனாகத் தள்ளினான். எஞ்சின் பிடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். முட்டியில் கை ஊன்றி, குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. நான் நிறுத்தவில்லை.