இடப்பக்கப் பின்சக்கரம்

செல்லக்கண்ணு குனிந்து, வண்டியின் டயர்களில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் நகத்தை ஊன்றி அழுத்திப் பார்க்கிறார். நகம் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதை வைத்தே ரப்பருக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுசு என்று சொல்லிவிடலாமாம். இதுவரை சொன்னதில்லை. நிமிர்ந்து, தோளில் கிடக்கும் துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு, "தாங்கும் போலவும் இருக்கு, தாங்காது போலவும் இருக்கு" என்பார். பஃபலோ ரோட்டில் அவர் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிற நான், பல் துலக்கிக்கொண்டே இந்த வைத்தியத்தைத் தினமும் பார்க்கிறேன்.

வண்டி ஒரு கறுப்பு மோரிஸ். தேக்காவைச் சுற்றியுள்ள வீட்டுப் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் திரும்ப அழைத்துவருவது அவர் தொழில். அவர் மகள் சிவகாமசுந்தரியும் இதே வண்டியில், பின்சீட்டின் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துதான் படித்து முடித்தாள். மைல் காட்டும் எண்கள் எல்லாம் ஒன்பதாகி, பிறகு எல்லாம் பூஜ்யமாகிப் போன அன்று, வண்டியைச் சிராங்கூன் சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கிச் சூடம் கொளுத்தினவர் இவர். உள்ளே பிள்ளைகள் மணியாகிறது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்குத்தான் பொறந்திருக்கு, புது வண்டி" என்று அவர்களிடம் சொன்னாராம். வண்டியின் வயதைக் கேட்கிறவர்களுக்கு இப்போதும் அந்தப் பூஜ்யத்திலிருந்துதான் கணக்குச் சொல்கிறார்.

நல்ல மனிதர். ஆனால் ஒரு முடிவெடுக்கச் சொன்னால் தீர்ந்தது. காப்பியா தேநீரா என்று கடைக்காரர் கேட்டால், பக்கத்து மேசையில் என்ன குடிக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார். யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். அடுத்தவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னால் "இதுவும் சரிதான்" என்பார். ஒப்புக்குச் சொல்வதில்லை, மனதாரச் சொல்வார். நடுவில் கிடந்து அல்லாடுவது அவர்தான், கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குத்தான் எரிச்சல் வரும்.

போன மாதம் புக்கிட் தீமா சாலையில் ஒரு முன்டயர் வெடித்தது. பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை, இறங்கி நின்று கைதட்டிச் சிரித்தார்களாம். இவர்தான் சாக்கடை ஓரம் உட்கார்ந்துவிட்டார். பயத்துக்குக் காரணம் இருந்தது. மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது கடற்பாலம் தாண்டி, குளுவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தலைப்பிரசவம். உடம்பில் இரத்தம் குறைவு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது என்று தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் சொல்லிவிட்டார். எங்கள் தேக்காவிலோ பிரசவ ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு, நல்ல நேரத்தில், அவளை இந்த வண்டியில் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். ஏழில் தவறினால் ஒன்பதுதான். ஒன்பதில் அவ்வளவு தூரம் காரில் ஏற்ற யாருக்கு மனசு வரும்?

கையிலிருந்ததற்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். வினை அங்கேதான் தொடங்கிற்று. அந்த இரண்டை எங்கே மாட்டுவது?

காம்ப்பெல் லேனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒலி முகம்மது, சொந்தமாக வேன் ஓட்டுகிறவர். வண்டியைத் திருப்புவது முன்சக்கரம், ஆகவே புதியது முன்னால் என்று அடித்துச் சொன்னார். அதுவும் சரிதான். பஸ் ஓட்டும் வேலாயுதம், இந்த வண்டியில் இஞ்சின் உந்துவது பின்சக்கரத்தை, அது வழுக்கினால் ஆண்டவனாலும் பிடிக்க முடியாது என்றார். இதுவும் சரிதான். பழைய டயருக்கே புதுத்தோல் ஒட்டித் தருகிறார்களே, நாலுக்கும் ஒட்டிவிட்டால் ஆச்சு என்று ஒருவர் சொல்ல, அப்படி ஒட்டியது நடுவழியில் உரிந்து போன கதையை இன்னொருவர் சொன்னார். செல்லக்கண்ணு தலையில் கைவைத்துக்கொண்டார்.

கடைசியில் என்னிடம் வந்தார். நான் இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிறவனாம், எனக்குத் தெரிந்திருக்குமாம். எனக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது. இருந்தாலும் பத்திரிகையில் வந்த டயர் விளம்பரத்தைத் தேடியெடுத்துப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரி டயர் மேல் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்னாலா பின்னாலா என்று அவள் சொல்லவில்லை. ஆளை அனுப்பினால் போதும் என்று "முன்னாடியே போடுங்கண்ணே" என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். "அப்ப பின்னாடி, தம்பி?" என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி ரத்தினம்மா கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெண் எங்கே உட்காருவாள் என்றார். பின்னால். அப்படியானால் புதியதைப் பின்னால் போடுங்கள், இதற்கு எதற்கு ஊர்ப் பஞ்சாயத்து என்று அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று இரவு செல்லக்கண்ணு நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்றுதான் நினைத்தேன். காலையில் பார்த்தால் முகம் பளபளவென்றிருந்தது. புது யோசனையாம். மகள் எப்போதும் உட்காருவது இடப்பக்கம். ஆகவே இரண்டு புது டயரும் இடப்பக்கமே, ஒன்று முன்னால், ஒன்று பின்னால்.

"முன்னாடியும் புதுசு, பின்னாடியும் புதுசு. எல்லாரு பேச்சையும் கேட்ட மாதிரி ஆச்சுல்ல, தம்பி?"

குழம்பிக் குழம்பி எனக்கும் மூளை மழுங்கியிருக்க வேண்டும். அது சரியென்றே பட்டது.

ஜாலான் புசாரில் டயர் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே, இவர் சொன்னதை மலாயில் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் கடைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தேன். "சுக்கா ஹாத்தி லா" என்றார் தவுக்கே, உன் வண்டி, உன் இஷ்டம் என்கிற மாதிரி. மாட்டிக்கொண்டு கிளம்பினோம். வண்டி வலப்பக்கமாக இழுத்தது. எதிரே வந்த லாரிக்காரன் எங்கள் இருவருடைய தாயாரையும் விசாரித்துவிட்டுப் போனான். திரும்பிக் கடைக்குப் போனபோது தவுக்கே ஜாக்கியைக்கூட உள்ளே எடுத்து வைக்கவில்லை, வருவோம் என்று தெரிந்தே நின்றிருந்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டையும் கழற்றிப் பின்னால் மாட்டினார். செல்லக்கண்ணு என்னைப் பார்த்தார். நான் தவுக்கேயைப் பார்த்தேன்.

வளைகாப்புக்கு என்னையும் அழைத்துப் போனார், வழியில் டயரைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். பாலத்தைத் தாண்டியதும் ஒருமுறை, அதன் பிறகு நிழல் கண்ட இடமெல்லாம் நிறுத்தி இறங்கி நகத்தை ஊன்றினார். பின்னால் ரத்தினம்மா சோற்றுப் பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

தோட்டத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. கை நிறைய வளையலோடு சிவகாமசுந்தரி அவளுடைய பழைய இடத்தில், இடப்பக்க ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. மாமியார் பாக்கியலட்சுமி எலுமிச்சம்பழங்கள் கொண்டுவந்தார். புது டயர் இரண்டுதானே, பழமும் இரண்டு போதுமா, இல்லை நாலா என்று செல்லக்கண்ணுவுக்கு அங்கேயும் சந்தேகம். "வண்டி போறது நாலுலதானே அண்ணே" என்று அந்த அம்மாள் நாலு சக்கரத்துக்கும் வைத்தார்.

வண்டி நகர்ந்தது. முன்சக்கரங்களின் பழம் இரண்டும் நசுங்கின. பின்னால் வலப்பக்கமும் நசுங்கிற்று. இடப்பக்கப் பின்சக்கரத்தின் பழம் மட்டும், அத்தனை பேரைக் கேட்டு, அத்தனை நாள் அலைந்து வாங்கிய புது டயருக்கு அடியிலிருந்து, துள்ளி வெளியே வந்தது. முழுசாக உருண்டு வாசல் சாக்கடையோரம் போய் நின்றது. அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலேதான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

வண்டி நின்றது. பழம் நசுங்குவதைப் பார்க்க நான் கீழே இறங்கி நின்றிருந்தேன்.

"சகுனம் சரியில்லண்ணே. இன்னிக்கு வேணாம். ஒம்பதாம் மாசம் பாத்துக்கலாம்" என்றார் பாக்கியலட்சுமி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் கண்ணிலும் பயம்தான். ரத்தினம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்குள்ளிருந்து மெதுவாக "அப்பா" என்று மட்டும் வந்தது.

இப்போது 'அதுவும் சரிதான்' வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் உதடு அசையக்கூடச் செய்தது. இறங்கி வந்தார். சாக்கடையோரம் குனிந்து பழத்தை எடுத்துத் துண்டால் மண்ணைத் துடைத்தார். இடப்பக்கப் பின்சக்கரத்தின் தடத்திலேயே அதை வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்குதிகாலை அதன்மேல் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி மிதித்தார். கொட்டையும் சாறும் நாலு பக்கமும் தெறித்தன. பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். நான் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது வாசலில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது.