உள்ளே போய்ப் பேசும் கதவு

சாயங்காலம் ஆனால் போதும், சமுத்திரத்தின் உடம்பில் யாரோ தேசப்படம் வரைய ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் முழங்கையில் ஒரு தீவு தடிக்கும். பிறகு முதுகில் ஒரு கண்டம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் துணி அனுப்புகிற மனுசன், சொந்தத் தோலுக்கு வழி தெரியாமல் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்.

தெரு கூடி அதைக் காணாக்கடி என்றது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்ததாம். தெருக்கோடி ஆவுடையம்மாள் வேப்பிலையால் வருடி மந்திரித்தாள். கருவாட்டை நிறுத்தச் சொன்னாள். பூச்சி போகவில்லை, கருவாடு போனதுதான் மிச்சம். டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் அரிப்பு மசியவில்லை. கடைசியில் பழி சீனியின் தலையில் விழுந்தது. சீனி அவர் வளர்க்கும் வெள்ளை நாய், பிறவிச் செவிடு. தன்னைப் பற்றித்தான் வழக்கு நடக்கிறது என்று தெரியாமல் அவர் காலில் தலை வைத்துக் கிடந்தது.

“அது ரோமந்தான் ஒத்துக்கல. ஞாயித்துக்கெழமை எந்தம்பி பால்சாமி வாரான். சுந்தரபாண்டியத்துத் தோட்டத்துல கொண்டு விட்டுரட்டும்” என்றாள் மனைவி ஈஸ்வரி.

“அதுக்குக் காது கேக்காது ஏட்டி. பின்னால டிராக்டர் வந்தா எப்படித் தெரியும்?”

“ஒங்களுக்குந்தான் நான் சொல்லுதது கேக்கல. நல்லாத்தான இருக்கிய?”

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனார். பார்மசி படித்த ஜாஸ்மின் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மாத்திரைய எப்ப போடுதிய அண்ணாச்சி?”

“தடிச்ச பொறவுதான்.”

“தெனமும்னுல்லா எழுதியிருக்கு?”

“காயம் பட்ட பொறவுதானம்மா கட்டுப் போடுவோம்?”

ஜாஸ்மினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பேண்டேஜ் கம்பெனி புத்தி! அண்ணாச்சி, ஹிஸ்டமின்னு ஒண்ணு ஒங்க உடம்புலயே ஊறுது, அதுதான் இப்படித் தடிக்க வைக்குது. செல்லுக்குச் செல் அதுக்குன்னு கதவு இருக்கு, ரிசப்டர்ம்பாங்க. ஹிஸ்டமின் வந்து தொட்டா கதவு தெறக்கிறதோட நிக்காது. கதவே பேந்து செல்லுக்குள்ள போயிரும். போயும் வாயை மூடாது, உள்ள இருந்தும் சேதி சொல்லும்.”

“எம்புட்டு நேரம்?”

“சில கதவு உள்ளயே அழிஞ்சிரும். சிலது திரும்ப வாசலுக்கு வரும். அதுவரைக்கும் பேச்சுதான். நீங்க பிந்திப் போடுற மாத்திரை வாசல்ல நிக்கிற கதவைத்தான் பிடிக்கும். உள்ள போனதை யாரு பிடிக்க? முந்தியே போடுங்க.”

அன்றைக்கு உடம்பில் ஒரு தீவும் தடிக்கும் முன்பே மாத்திரையை விழுங்கினார். மலைக்காற்று ஜன்னல் வழியே வந்து கண்ணிமையில் உட்கார்ந்தது. மாத்திரை மயக்கம் வேறு. மெல்ல மெல்லத் தன் தோலுக்குள்ளேயே இறங்கினார். அங்கே ஒரு நீளமான தெரு. வீட்டுக்கு வீடு கதவு. யாரோ தட்டியதும் ஒரு கதவு நிலையை விட்டுக் கழன்று, வந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தது. வாசல் காலி, உள்ளே மட்டும் கிசுகிசு. மற்ற வாசல்களில் மாத்திரைகள் வெள்ளை வெள்ளையாகக் குந்தியிருந்தன. தட்ட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பக்கத்தில் சீனி நின்றது. அந்தத் தெருவில் அதற்குக் காது கேட்டது. கிசுகிசுப்பு வந்த பக்கம் தலையைச் சாய்த்து, அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

தினமும் அப்படியே விழுங்கினார். ஞாயிற்றுக்கிழமை பால்சாமி கயிற்றோடு வந்து நின்றபோது சமுத்திரம் பாயில் அரைத் தூக்கத்தில் கிடந்தார். சீனி வழக்கம்போல அவர் காலில் கிடந்தது. ஈஸ்வரி குனிந்து அவர் கையைப் புரட்டினாள். பனியனைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். ஒரு தீவுகூட இல்லை.

“யக்கா, பிடிக்கட்டுமா?”

“தூங்குதுலே. எழுப்பாத.”

“நாயா, அத்தானா?”

“ரெண்டுந்தான். கயித்தக் கீழ போட்டுட்டு உள்ள வா, காப்பி தாரேன்.”

கண்ணைத் திறந்தால் அவள் மனசு மாறிவிடுமோ என்று பயந்து, சமுத்திரம் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தூங்கினார்.