வெட்டி அடுக்கிய மரங்கள்

வானிலை அலுவலகத்தில் மேடத்துக்கு நாங்கள் வைத்த பேர் காத்துக்காரம்மா. ஊரெல்லாம் புயலுக்கு முன்னால் ஓடும். இந்த அம்மா புயல் போன பிறகு, அடித்தது என்ன காற்று என்று பார்க்க ஓடுவார். அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஓடுவது என் தலையெழுத்து. சொந்தத் தங்கை வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் நிமிர்ந்து பார்ப்பார். தங்கையை நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான்.

அன்று போன தெருவில் ஒரு கொத்தனார் எங்களுக்காகவே காத்திருந்தார். தன் அக்காவுக்கு அவர் கட்டிக்கொடுத்த வீட்டின் பின்சுவர், முந்தின வாரக் காற்றில் அக்கா புருஷன் மேல் சரிந்து, ஆள் போய்விட்டார். சிமெண்டில் கை வைத்துவிட்டான் என்று தெரு பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கூடப் பிறந்த அக்காவும் அதையே நம்பிவிட்டாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சுழல்காத்துதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க மேடம். அதுக்கு எந்தச் சுவரும் நிக்காதுல்ல? அக்கா என்கிட்ட பேசுவா."

"பாத்துட்டுச் சொல்றேன் தம்பி."

மேடத்தின் கணக்கு எளிது. நேராக அடித்த காற்று என்றால் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். சுழல்காற்று என்றால் எதிரும் புதிருமாக, ஒன்றை ஒன்று பார்த்து விழுந்திருக்கும். ஆனால் அந்தத் தெருவில் விழுந்தது விழுந்தபடி கிடந்த மரமே இல்லை. எல்லாம் துண்டு துண்டாக, செங்கல் அடுக்குவதுபோல் ஓரமாக அடுக்கியிருந்தது. வேர்க்குழிகளை மண் போட்டு மூடியாயிற்று. கூரைத் தகடுகள் ஒரே குவியல். இழவு நேரத்தில் யாரும் போட்டோ எடுத்திருக்கவும் இல்லை. மேடம் தெருக்கோடிவரை போய் வெறுங்கையோடு திரும்பினார்.

"இவ்வளவு சுத்தமா பண்ணி வச்ச புண்ணியவான் யாருப்பா?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"நான்தான்ணே," என்றார் கொத்தனார். "மச்சானை எடுத்துட்டுப் போக வண்டி வரணுமே. ஒத்த ஆளா அறுத்து ஒதுக்கினேன்."

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எது எந்தப் பக்கம் விழுந்து கிடந்துச்சு? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் மேடம். எதையாவது சொல்லித் தொலையேன் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

கொத்தனார் தெருவை மேலும் கீழும் பார்த்தார். "மச்சான் கிடந்த பக்கம் மட்டும்தான் மேடம் ஞாபகம் இருக்கு."

சுழல்காற்று என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதை மேடம் அங்கேயே சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா தம்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"போறப்ப அவனையும் வண்டியில ஏத்திட்டுப் போயிடுங்கம்மா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.