கொலுவில் ஏழு எரிமலை

அந்த வருடம் எங்கள் வீட்டுக் கொலுவில் நான் எரிமலை வைத்தேன். ஒன்று இல்லை, ஏழு!

கொலுப்படிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பார்க் போடுவது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. கேழ்வரகு தூவி முளைக்கவைத்த புல், முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம், மண்மேட்டு உச்சியில் முருகன். எந்த வீட்டுக்குச் சுண்டலுக்குப் போனாலும் அதே குளம், அதே முருகன். எனக்கு அலுத்துவிட்டது. தொண்ணூறுகளின் கடைசி அது. நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். நூலகத்துக் கலைக்களஞ்சியம் ஒன்றில் கமிகின் தீவைப் பற்றி ஒரே ஒரு பக்கம் படித்துவிட்டுத் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்கே இருக்கிற குட்டித் தீவு. அதுவே தனி மாகாணம்! தீவைச் சுற்றி ஒரு சாலை. மதுரையிலிருந்து திருமங்கலம் போய்த் திரும்பி, மறுபடியும் ஒருமுறை போனால் எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் அதன் நீளம். ஆனால் ஊர்களைவிட எரிமலைகள் அதிகம், மொத்தம் ஏழு. அவற்றின் அடிவாரத்தில் ஜனங்கள் தென்னை வைத்து, தோட்டம் போட்டு, கல்யாணம் காட்சி என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இதைப் படித்த பிறகும் ஒருத்தியால் சும்மா உட்கார முடியுமா?

எனக்குப் பூகோளம் படிக்க வேண்டும். அதற்குச் சென்னைக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தார். எங்கள் முன்னோர் குஜராத் பக்கமிருந்து வந்த நெசவாளிகள். வீட்டுக்குள் எங்கள் சொந்தப் பாஷை, வெளியாள் இருந்தால் மதுரைத் தமிழ். இரண்டு பாஷையிலும் அப்பாவின் பதில் ஒன்றாகவே இருந்தது.

"பூகோளம் படிச்சு நீ எந்த ஊருக்கு வழி சொல்லப்போற? காமர்ஸ் எடு. வீட்டுலருந்து போயிட்டு வரலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரிடம் பேசிப் பிரயோசனமில்லை, கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று முடிவுகட்டினேன். கொலு முடிவதற்குள் அவர் வாயால் சரி என்று சொல்லவைக்க வேண்டும்.

ஆனையூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் களிமண் வெட்டி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "என்னம்மா, ஊரையே அள்ளிட்டு வார?"

"ஊரு இல்லண்ணே, தீவு!" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசிலை ஊதினார்.

பட்டறையிலிருந்து அகலமான தகரத் தொட்டியைத் தூக்கிவந்து தண்ணீர் நிரப்பி, அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை நீலச் சாயம் போட்டேன். அடேயப்பா, என்ன கடல் அது! நடுவில் களிமண் தீவு. தீப்பெட்டியில் வீடுகள். பெரிய எரிமலையின் வாய்க்குள் சின்னக் கிண்ணம், அதில் தணல், மேலே சாம்பிராணி. புகை குபுகுபுவென்று வந்தபோது நான் கைதட்டிக் குதித்ததில் கீழ்ப்படிச் செட்டியார் பொம்மை ஆடிப்போய்விட்டது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூடம் கொள்ளாத கூட்டம். எரிமலையில் சாம்பிராணி மணக்கிறது என்ற செய்தி தெருவெல்லாம் பரவியிருந்தது. நான் மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தபோது தீவின் மேற்குக் கரை மெல்ல நழுவியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊரோடு சேர்ந்து தொட்டிக்குள் சரிந்தது. தீப்பெட்டி வீடுகள் நீலத் தண்ணீரில் மிதந்தன.

எதிர்வீட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏண்டி, போன மாசம்தான பிள்ளையாரைக் கரைச்சோம்? களிமண்ணு கரையும்னு தெரியாமயா இம்புட்டுப் படிச்ச?"

மானம் போயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் சரிந்த இடத்தைப் பார்த்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அக்கா, நெசமாவே இப்படித்தான்க்கா நடந்துச்சு!" என்று கத்தினேன். "இதே மேற்குக் கரையில! அந்தக் காலத்துல கடலோரமா புதுசா ஒரு எரிமலை மொளைச்சு, அங்க இருந்த ஊரு அழிஞ்சுபோச்சு. கல்லறைத் தோட்டம் அப்படியே கடலுக்குள்ள எறங்கிருச்சு. இன்னைக்கும் அந்த எடத்துல தண்ணிக்கு நடுவுல பெரிய சிலுவை நிக்குது. இடிஞ்ச சர்ச் சுவரு கரையில இருக்கு!"

சிரிப்பு நின்றது. சுண்டல் வாங்கிக் கிளம்பியவர்கள்கூடத் திரும்பி உட்கார்ந்தார்கள். எனக்கு வாய் ஓயவில்லை. சொல்லிமுடித்து நிமிர்ந்தால் வாசல்நிலையில் அப்பா நிற்கிறார், பட்டறையிலிருந்து வந்த கோலத்தில், முழங்கை வரை சிவப்புச் சாயத்தோடு. எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. நீலத் தண்ணீரைப் பார்த்தார். செத்தோம் என்று நினைத்தேன்.

"அந்த ஊர்ச் சனம் எங்க போச்சு?" என்றார்.

"என்னப்பா?"

"ஊரு போச்சுன்னயே. பொழச்சவங்க எங்க போனாங்க? அதே தொழிலைச் செஞ்சாங்களா? போன எடத்துல இவங்கள ஏத்துக்கிட்டாங்களா?"

நான் படித்த அந்த ஒரு பக்கத்தில் அது இல்லை. "தெரியலப்பா," என்றேன்.

அப்பா தொட்டி அருகில் குந்தினார். மிதந்த தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, எங்கள் பாஷையில் இல்லாமல் எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னார்.

"நம்ம சனமும் ஊரைவிட்டு வந்த சனந்தான. ஒரு ஊரே கெளம்பிப் போயிருக்கு, எங்கன்னு கேட்டா இவளுக்குத் தெரியல. அது எப்படித் தெரியாம விடுறது? சென்னைக்குப் போய்ப் படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லட்டும்."