என்னைத் தெரியாத காக்கா

வைகாசி அமாவாசை அன்று மொட்டை மாடியில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. மாடியில் உள்ள ஒற்றை அறையில் குடியிருக்கும் ஆராய்ச்சிப் பெண், துணி காயப்போட வந்தவள். தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு காக்கா. இலையில் என் மாமனாருக்கு வைத்த சோறு.

மாமனார் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு மகன் இல்லை. ஒரே மகள், என் மனைவி. அதனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் இலை வைப்பது நான். வைத்தவன் நின்று பார்க்க வேண்டும். காக்கா தொட்ட பிறகுதான் வீட்டில் சாப்பாடு. அதுவரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

அன்றைக்கு இலையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவள் "கா, கா" என்று கூப்பிட்டாள். தொட்டி மேல் இருந்த இரண்டும் இறங்கி வந்தன. இலைக்கு இல்லை. என் தலைக்கு. ஒன்று கொத்திவிட்டுப் போனது. இன்னொன்று கத்தியது. ஒரு நிமிஷத்தில் கேபிள் வயர் மேல், பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவர் மேல் எல்லாம் காக்கா. எல்லாம் என்னைப் பார்த்துக் கத்தின. சோற்றை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடிப்படிக் கதவு வரை பின்னால் வந்து நின்றேன். அவையும் நகரவில்லை. இரண்டு மணிக்கு மழை வந்தது. இலையில் சோறு கரைந்தது.

"அப்பாவுக்கு இன்னும் உங்க மேல கோபம் தீரலை" என்றாள் மனைவி.

இருக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது.

மாமனார் கல்கத்தா பவானிபூரில் ஒரு தமிழ் மெஸ்ஸில் முப்பது வருஷம் சமையல் மாஸ்டர். மகளை ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கொடுக்க நினைத்தார். வந்தது நான். ஐந்தாம் வகுப்பு. வயரிங் வேலை. கல்யாணத்திலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. கடைசி பதினோரு வருஷம் லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்போதும் பேசவில்லை. சாப்பிட உட்காருவோம், முழங்கை இடிக்கிற தூரம்.

"மோர் வேணுமான்னு கேளும்மா அவனை."

"வேணாம்னு சொல்லு."

இப்படியே ஓடியது. சண்டை கிடையாது. அவர் சுட்ட தோசைகளில் முறுகலானது எப்போதும் என் தட்டுக்குத்தான் வரும். மகள் கையால் வரும்.

அன்று சாயங்காலம் ஆராய்ச்சிப் பெண் கீழே இறங்கி வந்தாள். கையில் நோட்டு. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். என்னை அண்ணாச்சி என்பாள். கல்கத்தாவில் என்னை அப்படிக் கூப்பிட்டவர் வேறு யாரும் இல்லை.

"அக்கா, அது உங்கப்பா கோவம் இல்லக்கா. என் தப்பு" என்றாள்.

அவள் தப்பு என்றால் இதுதான். அவள் படிப்பது காக்காவையும் குயிலையும். குயில் கூடு கட்டாது. காக்கா கூட்டில் முட்டை போட்டுவிட்டுப் போகும். எத்தனை கூட்டில் போடுகிறது, எதில் பொரிக்கிறது என்று அவள் கணக்கெடுக்கிறாள். வனத்துறை அனுமதிக் கடிதமெல்லாம் வைத்திருக்கிறாள். ஏணி இல்லை. ஏணி என்னிடம் இருந்தது.

சித்திரை அமாவாசை கழிந்து ஏற ஆரம்பித்தேன். ஏரிக்கரை மரங்கள், எங்கள் தெரு மரங்கள், இரண்டு விளக்குக் கம்பம். மூங்கில் கழி நுனியில் மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கட்டிக்கொடுத்தேன். கழியைக் கூட்டுக்கு மேலே நீட்டினால் உள்ளே தெரியும். முட்டையைத் தொடக் கூடாது. ஒரு கூட்டுக்கு இரண்டு நிமிஷம்தான் என்று சொல்லியிருந்தாள். நான் மேலிருந்து எண்ணிக்கை சொல்வேன். அவள் கீழே குடைக்குள் நின்று எழுதுவாள்.

"காக்கா நாலு. குயில் ஒண்ணு."

"நல்லாப் பாத்தீயளா அண்ணாச்சி?"

"சின்னது ஒண்ணுதான்."

முதலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் பச்சை, இரண்டிலும் புள்ளி. நான்கு கூடு பார்த்த பிறகு தெரிந்தது. காக்காவுக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு கூட்டில் என் வயர் இருந்தது. சிவப்பு உறை போட்ட ஒன்றரை எம்.எம். செம்பு வயர். நான் மொட்டை மாடியில் வெட்டிப் போட்ட துண்டுகள். குச்சிக்கு நடுவே கோர்த்து, முனையை மடக்கி உள்ளே விட்டிருந்தது. நல்ல கட்டு. நான் எத்தனையோ பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்படி முனை மடக்கியவர்கள் குறைவு. அந்தக் கூட்டுக்கு எதிரில் ஆண் குயில் உட்கார்ந்து கத்தும். இரண்டு காக்காவும் அதைத் துரத்திக்கொண்டு போகும். அந்த நேரம் பெண் குயில் உள்ளே போய்விட்டு வரும். ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகாது. ஏணி மேலிருந்து ஒரு முறை நானே பார்த்தேன்.

ஆக, அந்தத் தெருக் காக்காவுக்கெல்லாம் கூட்டுக்கு மேல் வந்த முகம் ஒன்றுதான். என் முகம்.

"காக்கா முகத்தை மறக்காதுக்கா. ஒண்ணு கத்துனா மத்ததும் பாத்துப் படிச்சிக்கிடும். அண்ணாச்சிய மூஞ்சிய மறைச்சிட்டு ஏறச் சொல்லிருக்கணும். எனக்குத் தோணல" என்றாள் அந்தப் பெண்.

"முகம் ஞாபகம் இருக்கு, முட்டை தெரியாதாக்கும்?" என்றாள் மனைவி.

"அது ஏன்னு தெரிஞ்சிக்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

முகத்தைப் பற்றி அந்தப் பெண் சொன்னது உண்மை என்று எனக்குத் தெருவே சொன்னது. டீக்கடைக்குப் போனால் இரண்டு காக்கா கூடவே வரும். கடைக்காரர் வங்காளி, என் வயது. ஜாமாய் ஷஷ்டி நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையை அழைத்து மாமியார் வீட்டில் விருந்து வைக்கிற நாள். அவருக்கு வசதியாகப் போயிற்று.

"ஆஷுன், காகேர் ஜாமாய்!" என்பார். வாங்க, காக்கா வீட்டு மாப்பிள்ளே. "விருந்து எந்த மரத்தில்?"

பெஞ்சில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வருவேன். காக்காவும் வரும்.

மனைவி ஒப்பவில்லை. அந்தப் பெண் ஒரு சோதனை செய்யலாம் என்றாள். மூன்று நாள் மனைவி மட்டும் மாடிக்குப் போய்ச் சோறு வைக்க வேண்டும். நான் கீழே. அடுத்த மூன்று நாள் நான் வைக்க வேண்டும்.

மனைவி வைத்த மூன்று நாளும் காக்கா வந்தது. கையை எடுக்குமுன் வந்தது. நான் வைத்த மூன்று நாளும் வரவில்லை. கத்தியது.

"பாத்தீயளா அக்கா?" என்றாள் அந்தப் பெண். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தேன். மக கையால சாப்பிடறார். மாப்பிள்ளை கையால மாட்டேங்கறார். அதைத்தானே நானும் சொல்றேன்."

அந்தப் பெண் நோட்டை மூடினாள். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. ஏனென்றால் மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"வருஷத் திதி வருது. அன்னைக்கும் வரலைன்னா அவர் அப்படியே போயிட்டார்னு அர்த்தம். கடைசி வரைக்கும் இவரை ஒரு வார்த்தை கூப்பிடாமயே" என்றாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேருக்கும் நடுவில் மோர் எடுத்துக்கொண்டு நடந்தவள்.

"அப்போ திதிக்கு நீயே வை" என்றேன்.

"மாட்டேன்."

அந்தப் பெண் இரண்டு நாள் கீழே இறங்கி வரவில்லை. மூன்றாம் நாள் என் பின்னாலேயே நடந்தாள், நோட்டோடு. வீட்டிலிருந்து டீக்கடை. டீக்கடையிலிருந்து ரயில் தண்டவாளம். தண்டவாளம் தாண்டி அரை மைல். தண்டவாளம் வரை காக்கா கத்திக்கொண்டு வந்தது. அதற்கப்பால் ஒன்றும் இல்லை. அங்கிருந்த காக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அது ஒரு நிம்மதி.

வந்து மனைவியிடம் கேட்டாள்.

"அக்கா, உங்கப்பா கோவமா இருந்தா எங்கன இருப்பாங்க? இங்க மட்டுமா?"

"எங்கயும் இருப்பார்."

"ரொம்ப இருக்கிற இடம் எது?"

மனைவி யோசித்தாள். "பவானிபூர். மெஸ்ஸு. முப்பது வருஷம் அங்கதானே நின்னார்."

"அண்ணாச்சி, அங்க எந்த மரத்துலயாச்சும் ஏறியிருக்கீயளா?"

"அந்தத் தெருவுக்கே போனதில்லை" என்றேன். உண்மை. அவர் இருந்த இடம், நான் போகமாட்டேன்.

"அப்ப திதிய அங்க வைப்போம். அண்ணாச்சி கையால. மூஞ்சிய மறைக்காம. அங்க உள்ள காக்காவுக்கு அண்ணாச்சியத் தெரியாது. கத்துச்சுன்னா உங்கப்பாதான், நான் ஒத்துக்கிடுதேன். கத்தாம சாப்பிட்டுச்சுன்னா நீங்க ஒத்துக்கிடணும்."

மனைவி காலண்டரில் திதி நாளைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

திதி ஆனியில் வந்தது. அன்று மனைவி ஐந்து மணிக்கே எழுந்து சமைத்தாள். வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, பாயசம், உளுந்து வடை. அவர் வடை விரும்பி. டிபன் கேரியரைத் துணியில் சுற்றி மெட்ரோவில் எடுத்துப் போனோம். வாழையிலை என் கையில். அந்தப் பெண்ணிடம் நோட்டும் பைனாகுலரும்.

மெஸ் இருக்கும் வீடு பழைய வீடு. முன்பு மாமனாருக்குக் கீழே காய் நறுக்கியவர்தான் இப்போது மாஸ்டர். மனைவி முன்னாலேயே போனில் சொல்லியிருந்தாள். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாம்மா." என்னைப் பார்த்தார். "இவர்தான் மாப்பிள்ளையா? நான் பார்த்ததே இல்லையே."

"இவர்தான்."

"எலக்ட்ரிக் வேலைதானே? இந்தா, இந்த ஃபேன் நிக்கும்போதெல்லாம் பெரியவர் சொல்லுவாரு. எங்க மாப்பிள்ளை இருந்தா நிமிஷத்துல ஓட விட்டுடுவாரும்பாரு. கூப்பிடுங்களேன்பேன். இலையைப் போடுறா, வாயைப் பார்க்காதேம்பாரு."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. கேரியரைக் கை மாற்றிக்கொண்டாள்.

நான் ஃபேனைப் பார்த்தேன். மெதுவாகச் சுற்றியது. கெபாசிட்டர் போயிருந்தது. வெள்ளிக்கிழமை மாற்றிக் கொடுத்தேன். அது பிறகு.

மாடியில் ஏறினோம். மழை விட்டிருந்தது. காக்கா ஒன்றும் கண்ணில் படவில்லை. கைப்பிடிச் சுவர் அகலம். இலையை விரித்தேன். அவள் பரிமாறினாள். வடை இரண்டு, ஓரத்தில். நான் நீர் சுற்றிவிட்டு நான்கு அடி பின்னால் வந்தேன்.

"கூப்பிடாதீய அக்கா. யாரும் கூப்பிடப்பிடாது. அண்ணாச்சி மட்டும் வெளிய நிக்கட்டும்" என்றாள் அந்தப் பெண். இரண்டு பேரும் படிக்கட்டு நிழலுக்குள் போனார்கள். மாஸ்டர் அடுப்பை விட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றார்.

நான் நின்றேன். முகத்தில் வெயில் அடித்தது. தெருவில் பஸ் சத்தம். யாரோ ஆட்டோக்காரரோடு சண்டை போட்டார்கள். பாயசத்தில் எறும்பு ஏறியது. மனைவியின் வளையல் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. பசித்தது. அவளுக்கு என்னைவிடப் பசித்திருக்கும்.

எதிர் வீட்டு ஆண்டெனாவில் ஒன்று வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். வாயைத் திறக்கப்போகிறது என்று நினைத்தேன். திறந்தது. அலகைக் கம்பியில் தேய்த்துவிட்டு மூடிக்கொண்டது. பிறகு இறங்கி வந்தது. சுவரில் இரண்டு எட்டு பக்கவாட்டில் நடந்தது. முதலில் வடையை எடுத்தது.

பின்னால் மனைவி மூச்சு விட்டாள். "வடை" என்றாள்.

இரண்டாவது வந்தது. பிறகு கூட்டமாக வந்தன. இலை ஆடியது. ஒன்று என் காலடியில் விழுந்த பருக்கையைப் பொறுக்கிக்கொண்டு போனது.

மனைவி வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கேரியர்ல இன்னும் மூணு வடை இருக்கு. முறுகலாத்தான் எடுத்து வச்சிருக்கேன் உங்களுக்கு" என்றாள்.

அந்தப் பெண் நோட்டில் கோடு போட்டு இரண்டு கட்டம் வைத்திருந்தாள். படிக்கட்டிலிருந்தே கேட்டாள். எப்போதும் கீழேயிருந்து கேட்கிற அதே குரல்.

"கத்துனது, அண்ணாச்சி?"

"ஒண்ணும் இல்லை."

"சாப்பிட்டது?"

எண்ணினேன். ஒரு முறை சரி பார்த்தேன்.

"ஏழு."